சி சென்டருக்குப் படம் வந்த வழி

தமிழ் சினிமா வியாபாரத்துக்கென்று தனி வரைபடம் ஒன்று உண்டு. சென்னை நகரம், செங்கல்பட்டு, வடஆற்காடு – தென்ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி – தஞ்சாவூர், மதுரை – ராமநாதபுரம், திருநெல்வேலி – கன்னியாகுமரி என்று விநியோகஸ்தர்கள் மாநிலத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆற்காடுகளையும் செங்கல்பட்டையும் சேர்த்து ‘என்.எஸ்.சி.’ என்பது தொழில் வழக்கு. வடஆற்காடு, தென்ஆற்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே கிடையாது. வியாபாரப் பேச்சில் அவை இன்னும் இருக்கின்றன. தெலுங்குப் பக்கம் இதைவிடப் பழைய பெயர்கள்: நைஜாம், சீடட். 1800இல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்கு வந்த பெயர் சீடட். ராயலசீமாவைத் தெலுங்கு சினிமாக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சித்தூரும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆர்.கே.பேட்டை இந்த இரண்டு வரைபடங்களின் விளிம்பில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். பக்கத்தில் அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, சோளிங்கர். கிழக்கே திருத்தணி மலை. கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். விசைத்தறி ஓடும் ஊர்கள் நிறைந்த வட்டாரம். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. மாநிலக் கோடு நகர்ந்ததால் பார்வையாளரின் காது மாறிவிடவில்லை. என்.டி.ராமாராவையும் எம்.ஜி.ஆரையும் ஒரே வீட்டில் ரசித்தவர்கள் இந்தப் பக்கத்து மக்கள்.

பெரிய படக் கம்பெனிகளும் ஓடிடி தளங்களும் பார்வையாளருக்காக மோதுகின்றன என்று படிக்கும்போது சென்னையின் மல்டிபிளெக்ஸும் மும்பையின் அலுவலகங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நான் அந்த மோதலை ஆர்.கே.பேட்டையிலிருந்து பார்க்க விரும்புகிறேன். காரணம் இருக்கிறது. சினிமா வியாபாரத்தில் எப்போதும் விற்கப்பட்ட சரக்கு படம் மட்டும் இல்லை. எந்த ஊர் முதலில் பார்க்கும், எந்த ஊர் காத்திருக்கும் என்ற வரிசையும் சேர்ந்தே விற்கப்பட்டது. அந்த வரிசையின் கடைசியில் நின்ற ஊர்களுக்குத்தான் இன்றைய மாற்றத்தின் முழு எடையும் தெரியும்.

ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பது அந்த வரிசையின் பெயர். பிலிம் சுருள் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் பெரும் செலவு ஆகும் என்பதால் அளவாகத்தான் பிரதி போடுவார்கள். நகரத்து ஏ சென்டரில் படம் ஓடி முடிந்து, பி சென்டர் டவுன்களில் வசூல் தேய்ந்த பிறகு, கீறல் விழுந்த பிரதி தகரப் பெட்டியில் சி சென்டருக்கு வரும். ‘பொட்டி வந்துருச்சா’ என்பதே கொட்டகை வாசலில் கேட்கும் முதல் கேள்வி. சென்னையில் பொங்கலுக்கு வந்த படத்தைக் கிராமத்து டூரிங் டாக்கீஸ் பல மாதம் கழித்துப் போடும். ஒரே ஒரு புரொஜெக்டர் வைத்து, ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டு, மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்குக் காட்டிய படங்கள் அவை. காத்திருப்பவர்களுக்குப் பாட்டு முன்னாலேயே மனப்பாடம் ஆகிவிடும், கதையும் பாதி தெரிந்துவிடும். ஆனாலும் போவார்கள்.

இந்தக் காத்திருப்பை வெறும் அநீதியாக மட்டும் நான் பார்க்கவில்லை. சி சென்டரின் சில்லறை சேர்ந்தால்தான் விநியோகஸ்தருக்கு முதல் தேறும். எனவே சி சென்டரை மனதில் வைத்துக் கதை எழுதினார்கள். ஊர்த் திருவிழா, பங்காளிச் சண்டை, தங்கச்சிப் பாசம், நாட்டாமைத் தீர்ப்பு எல்லாம் திரைக்கு வந்ததில் தரை டிக்கெட்டின் பங்கு பெரிது. கடைசி வரிசைக்காரர் பணம் கொடுத்ததால் அவருடைய விருப்பத்துக்கும் விலை இருந்தது.

எல்லைப்புறப் பார்வையாளருக்கான போட்டியும் புதிதில்லை. சென்னை ஸ்டுடியோக்கள்தான் அதை முதலில் கணக்காகச் செய்தவை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் ஒரே செட்டில், ஒரே தொழில்நுட்பக் கலைஞர்களோடு, தமிழிலும் தெலுங்கிலும் படம் எடுத்தது. 1955இல் ‘மிஸ்ஸம்மா’ தெலுங்கில் என்.டி.ராமாராவோடும், ‘மிஸ்ஸியம்மா’ தமிழில் ஜெமினி கணேசனோடும் வந்தது. சாவித்திரி இரண்டிலும் இருந்தார். 1957இன் ‘மாயாபஜார்’ இன்னும் நுட்பமானது. கே.வி.ரெட்டி இயக்கிய அந்தப் படத்தில் கிருஷ்ணனாக என்.டி.ராமாராவும் கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவும் இரு மொழியிலும் நடிக்க, அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். எந்தப் பாத்திரத்தை மாற்றினால் சந்தை மாறும், எதை மாற்றத் தேவையில்லை என்று அளந்து செய்த வேலை அது. இன்று ‘பான் இந்தியா’ என்ற சொல்லைக் கேட்கும்போது வடபழனி ஸ்டுடியோக்களின் அந்த நிதானமான கணக்குதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பிறகு தொலைக்காட்சி. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. அதே குழுமத்தின் தெலுங்குச் சேனலாக ஜெமினி டிவி வந்தது. தமிழும் தெலுங்கும் தெரிந்த வீட்டுக்கு ஒரே கம்பெனி இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டது. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்களித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. உலகில் வேறெங்கும் ஓர் அரசாங்கம் பெட்டியையும் வழங்கி ஒயரையும் மலிவாக்கி இவ்வளவு பெரிய பார்வையாளர் கூட்டத்தை இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குள் உட்கார வைத்ததாகத் தெரியவில்லை. சி சென்டர் கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறியதற்கு ஓடிடியைக் குற்றம் சொல்வது தவறு. அவற்றில் பெரும்பாலானவை ஓடிடி பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டன.

சாட்டிலைட் உரிமை என்ற புதிய வருமானம் தயாரிப்பாளருக்குக் கிடைத்தது. சி சென்டரிலிருந்து வந்துகொண்டிருந்த சில்லறையை அது ஒரே காசோலையாக மாற்றிக் கொடுத்தது. அந்தக் காசோலையை எழுதியவர் சென்னையில் இருந்தார். கடைசி வரிசைக்காரரின் குரல் குறைய ஆரம்பித்தது அங்கேதான் என்பது என் எண்ணம்.

இந்த வரிசையை உடைக்க முதலில் துணிந்தவர் கமல்ஹாசன். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூப’த்தைத் தியேட்டர் வெளியீட்டுக்கு முந்தைய நாளே டிடிஎச் வழியாக, ஓர் இணைப்புக்கு 1,000 ரூபாய்க்கு வீட்டில் காட்டப்போவதாக அறிவித்தார். தியேட்டர் உரிமையாளர்கள் படத்தையே போட மாட்டோம் என்றார்கள். அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. வரிசை அப்போதைக்குத் தப்பியது.

அதை உண்மையில் உடைத்தது கொரோனா. 2020 மே 29 அன்று சூர்யாவின் 2டி நிறுவனம் தயாரித்த ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. இனி அந்த நிறுவனத்தின் படங்களைத் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் எச்சரித்தார்கள். நவம்பர் 12 அன்று ‘சூரரைப் போற்று’ம் அதே வழியில் போனது. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ பாதி இருக்கைகளோடு திறந்த தியேட்டர்களுக்குக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜனவரி 13 அன்று வந்த படம் 29ஆம் தேதியே பிரைமில் ஏறியது. பதினாறு நாள்! கொட்டகைகளைக் காப்பாற்றியதாகப் பேசப்பட்ட படமே கொட்டகைக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் அவகாசம் கொடுத்தது. ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய்பீம்’ போன்ற, பெருந்திரளோடு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டிய படங்களைத் தமிழ்நாடு அந்த ஆண்டு தனித்தனி வீடுகளில் பார்த்தது. ‘சார்பட்டா’வின் குத்துச்சண்டை மேடைக்குக் கொட்டகைக் கைதட்டல் கிடைக்காமல் போனது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அதன் பிறகு ‘நாலு வாரம்’ என்பது தமிழில் நடைமுறை ஆனது. 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ‘ஜெயிலர்’ செப்டம்பர் 7 அன்று பிரைமுக்கு வந்தது. இந்திப் பக்கத்துப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்டன. அதற்கு உடன்படாத ‘லியோ’வின் இந்திப் பதிப்பை அவை 2023 அக்டோபரில் போடவில்லை. தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களும் எட்டு வாரம் வேண்டும் என்கிறார்கள். இந்தக் கதையில் மனதைத் தொடும் திருப்பம் 2025இல் வந்தது. 2013இல் தியேட்டருக்கு முன்பே வீட்டுக்குப் போக விரும்பிய அதே கமல்ஹாசன், ‘தக் லைஃப்’ எட்டு வாரம் கழித்துத்தான் நெட்ஃபிளிக்ஸில் வரும் என்று அறிவித்தார். ஜூன் 5 அன்று வந்த படம் தியேட்டரில் எதிர்பார்த்தபடி போகவில்லை. ஜூலை 3 அன்றே நெட்ஃபிளிக்ஸில் ஏறிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே கலைஞர் இரண்டு எதிர்த் திசைகளில் வரிசையை வளைக்கப் பார்த்தார். இரண்டு முறையும் பணம் இருந்த பக்கமே அது வளைந்தது. 2013இல் பணம் தியேட்டரிடம் இருந்தது, 2025இல் ஓடிடியிடம்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பார்த்தால் இந்த நாலு வாரத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ‘ஜெயிலர்’ பிரைமில் வந்த அன்று அண்ணா நகருக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. தமிழ் சினிமாவின் நீண்ட வரலாற்றில் சி சென்டர் ஏ சென்டரோடு சமமாக நின்ற காலம் இதுதான். டிஜிட்டல் திரையிடல் வந்தபின் தியேட்டரிலும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம் போட முடிகிறது, உண்மைதான். ஆனால் கொட்டகை மூடிப்போன ஊருக்கு அந்தச் சமத்துவத்தால் என்ன பயன்? பஸ் ஏறி டவுனுக்குப் போய், இரவுக் காட்சி முடிந்து திரும்ப வண்டி கிடைக்காத குடும்பத்துக்குக் கைபேசித் திரை சின்ன வரம் இல்லை. குறிப்பாகப் பெண்களுக்கு. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தான் தேர்ந்தெடுத்த படத்தைப் பார்க்கும் உரிமை அவர்களில் பலருக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்த வரத்துக்கு விலை உண்டு, அது ரீசார்ஜாக வருகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு வந்து கிராமத்தின் வீடியோ பசியைக் கிளப்பியது. 2024 ஜூலையில் அதன் 28 நாள், தினம் ஒன்றரை ஜிபி திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் என்றால் ஒரு கைபேசிக்கு 3,887 ரூபாய். தறிக்கூலி வாரக் கணக்கில் வரும் வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாமல் கரையும் பணம். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலைக்கு 2017 முதல் 150 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. நாலு பேர் கொண்ட குடும்பம் வரியோடும் பஸ் கட்டணத்தோடும் தீனியோடும் ஒரு படத்துக்குப் போய்வந்தால் ஆயிரம் ரூபாய் செலவாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கைபேசியின் ஓராண்டு டேட்டாச் செலவில் அந்தக் குடும்பம் நாலு படம் பார்க்க முடியாது. டேட்டாவிலோ படத்தோடு பிள்ளையின் பாடமும் பேங்க் வேலையும் சேர்ந்து நடக்கின்றன. எது ஜெயிக்கும் என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும்.

இதில்தான் பெரிய கம்பெனிகளின் உத்தி வெளிப்படுகிறது. அவை இப்போது படத்தைத் தனியாக விற்பதில்லை, வேறொன்றோடு கட்டி விற்கின்றன. இந்தியாவில் அந்தக் கட்டின் முடிச்சு கிரிக்கெட். 2022இல் ஐபிஎல் டிஜிட்டல் உரிமைக்கு வயாகாம்18 கொடுத்த விலை 23,758 கோடி ரூபாய். மறு ஆண்டு ஜியோ சினிமாவில் ஆட்டங்கள் இலவசம். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்திய வியாபாரத்தை இணைத்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. தொடங்கியபோது கைபேசிச் சந்தா மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். அந்த ஐபிஎல் பருவத்தில் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்த ஜியோ வாடிக்கையாளருக்கு 90 நாள் சேர்த்தே கிடைத்தது. கிரிக்கெட்டுக்காக உள்ளே வந்தவர் அங்கேயே ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் பார்த்தார். அவர் படத்தைத் தேடிப் போனார் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்ட வரலாறு ஒன்று உதவும். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் ஒரு காலத்தில் தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. சொந்தமல்லாத தியேட்டர்களிடம், இந்த நல்ல படம் வேண்டுமென்றால் பார்க்காத இந்தப் பத்துப் படங்களையும் சேர்த்து எடு என்று கட்டாயப்படுத்தின. 1948 மே 3 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் இதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் இங்கே எஸ்.எஸ்.வாசன் ‘சந்திரலேகா’வை வெளியிட்டிருந்தார். அந்தத் தீர்ப்பின் கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. அதே கோடையில் தமிழ்ப் படங்கள் கொட்டகையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. தயாரிப்பு, விநியோகம், திரை மூன்றும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று 72 ஆண்டு காத்த கொள்கையை ஓடிடி சத்தமில்லாமல் கடந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸே எடுக்கிறது, நெட்ஃபிளிக்ஸே காட்டுகிறது. ரீசார்ஜில் சேர்த்துக் கட்டிய சந்தா, பார்க்காத பத்துப் படத்தை நம் தலையில் கட்டுவதுதான். அன்று தியேட்டர்காரருக்கு நடந்தது இன்று தறி நெய்பவருக்கு நடக்கிறது. அன்று வழக்குப் போட அரசாங்கம் இருந்தது.

சரி, ஆர்.கே.பேட்டைக்காரர் எதைப் பார்க்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? தியேட்டருக்கு ‘டி.சி.ஆர்.’ என்ற தினசரி வசூல் தாள் உண்டு. அதில் பொய் எழுதப்படுகிறது என்ற புகார் பழசுதான். ஆனாலும் எந்த ஊர், எந்தக் காட்சி, எத்தனை டிக்கெட் என்று தயாரிப்பாளருக்கு ஒரு கணக்கு வரும். ஓடிடியில் அந்தக் கணக்கு கம்பெனியின் கையில். நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பர் முதல் பார்வை நேரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அது உலகத்துக்கான மொத்தக் கணக்கு. 2024இல் தியேட்டரில் நன்றாக ஓடி, ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த ‘மகாராஜா’வை உலகமெங்கும் பார்த்தார்கள் என்று அதிலிருந்து அறிகிறோம். சோளிங்கரில் எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்பது கம்பெனிக்கு மட்டும் தெரியும். பார்வையாளரை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த முதலாளி தமிழ் சினிமாவில் இதற்கு முன் இருந்ததில்லை. அந்த அறிவு படம் எடுப்பவருக்கு வந்து சேராததும் இதற்கு முன் இப்படி இருந்ததில்லை.

ஓடிடிக்கென்றே எடுத்த தமிழ்த் தொடர்களைப் பாருங்கள். ‘சுழல்’, ‘விலங்கு’, ‘வதந்தி’ – மூன்றும் குற்றக் கதைகள், மூன்றும் 2022. திறமையான வேலைகள்தான். கொலை ஒன்று நடந்தால் அடுத்த பகுதியை யாரும் விட மாட்டார்கள், மொழி தெரியாதவரும் சப்டைட்டிலோடு தொடர்வார். சந்தாவைத் தக்கவைக்கும் கணக்குக்கு அது பொருந்துகிறது. ஆனால் பங்காளிச் சண்டையும் ஊர்க் கிரிக்கெட்டும் அந்தக் கணக்கில் எங்கே வரும்? 2023இன் ‘அயலி’ விதிவிலக்காக வந்தது. கிராமத்துப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் கதை, ஜீ5இல். ஊர்க் கிரிக்கெட்டை வைத்து வந்த ‘லப்பர் பந்து’ 2024இல் தியேட்டரில்தான் முதலில் ஜெயித்தது. சி சென்டரின் ரசனைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதற்கு முன்பணம் போடும் கை எது என்பதுதான் பிரச்சினை.

மறுபடியும் எல்லைக்கு வருகிறேன். 2022 மே 20 அன்று ‘ஆர்.ஆர்.ஆர்.’ ஓடிடிக்கு வந்தபோது தெலுங்கு, தமிழ், மலையாளம், கன்னடப் பதிப்புகள் ஜீ5க்கும் இந்திப் பதிப்பு நெட்ஃபிளிக்ஸுக்கும் போயின. விநியோகஸ்தர்கள் நிலத்தால் பங்கு போட்டதை ஓடிடிகள் மொழியால் பங்கு போடுகின்றன. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று, அல்லு அரவிந்தின் பங்களிப்போடு தெலுங்கில் தொடங்கியிருந்த ‘ஆஹா’ தமிழுக்கென்று தனித் தளம் திறந்தது. தமிழுக்கு ஒரு சந்தா, தெலுங்குக்கு ஒரு சந்தா. இரண்டையும் வீட்டுமொழியாக வைத்திருக்கும் குடும்பத்தை எந்த அட்டவணையில் எழுதுவார்கள்? மாயாபஜாரை எடுத்தவர்களுக்கு அந்தக் குடும்பம் கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

தியேட்டர்களும் இந்த எல்லையில் தடுமாறுகின்றன. 2023 பொங்கலுக்குத் தெலுங்குத் தயாரிப்பாளர் தில் ராஜு விஜய்யை வைத்து எடுத்த ‘வாரிசு’ வந்தபோது, சங்கராந்திக்கு நேரடித் தெலுங்குப் படங்களுக்கே தியேட்டர் முன்னுரிமை வேண்டும் என்று தெலுங்குத் தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. தமிழில் ஜனவரி 11 அன்று வந்த படம் தெலுங்கில் 14ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. டிக்கெட் விலையிலும் கோடு தெரிகிறது. ஆந்திர அரசு 2021இல் கிராமப் பஞ்சாயத்துக் கொட்டகையின் கடைசி வகுப்புக்கு 5 ரூபாய் என்று நிர்ணயித்தது. 2022 மார்ச்சில் 20 முதல் 250 வரை என்று மாற்றியது. பெரிய படங்களுக்குத் தனி ஆணை போட்டு விலையை ஏற்றவும் அனுமதிக்கிறது. இந்தப் பக்கம் உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கு இங்கே காலை ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி என்று ஆனபின், அதிகாலைக் காட்சிக்காக ரசிகர்கள் மாநில எல்லையைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கைபேசியில் அத்தனை ஓடிடிகளும் இருந்தன. ஆனாலும் நாலு வாரம் காத்திருக்க அவர்களால் முடியவில்லை.

நாலு வாரமா எட்டு வாரமா என்று தயாரிப்பாளரும் தியேட்டர்காரரும் ஓடிடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேசையில் சி சென்டருக்கு நாற்காலி இல்லை. இருந்தால் அது கேட்கக்கூடியது வாரக் கணக்கு அல்ல என்று நினைக்கிறேன். ஆந்திரம் போட்டதுபோல ஒரு கடைசி வகுப்பு டிக்கெட், நூறு இருக்கையில் ஒரு சின்னத் திரை, இரவுக் காட்சி முடிந்ததும் ஊர் திரும்ப ஒரு பஸ்.